சிங்கப்பூர் துவாஸ் பம்ப் ரூமில் பழைய சென்சாரை லோராவானில் இணைத்த விதம்
உங்களிடம் ஆர்எஸ்-485 என்ற வயர் இணைப்பில் மோட்பஸ் என்ற கருவி மொழி பேசும் சென்சார் இருந்தால் அதைக் கழற்றி எறிய வேண்டாம். அதன் அளவை லோராவான் (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் போகும் ரேடியோ நெட்வொர்க்) வழியாக அனுப்பும் ஒரு கன்வர்ட்டர் போதும்.

முதலில் லேப்டாப்பில் யூஎஸ்பி அடாப்டர் போட்டு சென்சாரைத் தனியாகப் படித்துப் பாருங்கள். சென்சாரின் முகவரி, பாட் ரேட் (தரவு போகும் வேகம்), ரெஜிஸ்டர் எண் (அளவு இருக்கும் இடத்தின் எண்) மூன்றையும் எழுதி வையுங்கள். பதில் வரவில்லையா? ஏ, பி என்று குறித்த இரண்டு வயர்களை மாற்றிப் போடுங்கள். சில தயாரிப்பாளர்கள் இந்த எழுத்துகளைத் தலைகீழாக அச்சிடுகிறார்கள். நீளமான கேபிள் என்றால் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.

அப்புறம் பேட்டரி. அதைச் சேமிக்க, கன்வர்ட்டர் ஒவ்வொரு முறையும் சென்சாருக்குக் கரண்ட் கொடுத்து, படித்து, நிறுத்தும். என் அழுத்த சென்சார் விழித்த உடனே 0 காட்டியது. 5 விநாடி காத்திருக்க வைத்ததும் 2.37 பார் வந்தது. இந்தக் காத்திருப்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பொய்யான 0 ஒன்று பம்பையே தேவையில்லாமல் ஓட வைத்துவிடும்.

சிங்கப்பூருக்கு லோராவானின் ஏஎஸ்923 என்ற அலைவரிசைத் திட்டம், 920 முதல் 925 மெகாஹெர்ட்ஸ். ஒரு செய்தி காற்றில் இருக்கும் நேரத்துக்கான 400 மில்லி விநாடி வரம்பை இயக்கியிருந்தால், எஸ்எஃப்10 என்ற மெதுவான அனுப்பும் வேகத்தில் ஒரு செய்தியில் 11 பைட்தான் போகும். அதனால் 2.37-ஐ எழுத்துகளாக அனுப்பாமல், 237 என்ற எண்ணாக 2 பைட்டில் அடக்குங்கள்.

ஆன்டெனா இரும்புப் பெட்டிக்கு வெளியே, செங்குத்தாக.