ஆங்கிலத்தில் நாளும் நேரமும்: இடம் மாறினால் பொருள் மாறும்

வணிகக் கடிதங்களை மொழிபெயர்க்கப் பழகும் இளைஞர்களின் படிகளைத் திருத்தும்போது, நாங்கள் பழகிய காலத்தில் சிவப்பு மையில் அடிபட்ட அதே தவறுகளைத்தான் மீண்டும் காண்கிறேன். 'அட்', 'ஆன்', 'இன்' ஆகியவற்றைக் குழப்புவதை எந்த இலக்கண நூலும் திருத்திவிடும் என்பதால், இங்கே சொற்களின் வரிசையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சிறியது முதலில்

'2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு' என்று நாம் பெரிய அலகிலிருந்து இறங்கி வருகிறோம். ஆங்கிலமோ 'அட் டென் ஏ.எம். ஆன் டியூஸ்டே, ஃபோர் மார்ச்' என்று மணியில் தொடங்கி ஏறிச் செல்கிறது.

இடத்துக்குப் பின் காலம்

'ஐ வென்ட் டு மதுரை யெஸ்டர்டே.' 'யெஸ்டர்டே' வாக்கியத்தின் தொடக்கத்திலும் வரலாம். 'வென்ட்' என்பதற்கும் 'டு மதுரை' என்பதற்கும் நடுவே நுழையக் கூடாது.

அந்த நாள் எந்த வினைக்கு உரியது?

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 'மேலாளர் சரக்கை வெள்ளிக்கிழமை அனுப்பச் சொன்னார்' என்னும்போது, கிழமை அடுத்து நிற்கும் 'அனுப்ப' என்பதோடு சேர்கிறது. ஆங்கிலத்தில் 'சொன்னார்' முன்னும் 'அனுப்ப' பின்னும் வருவதால், கிழமையை வழக்கம்போல் 'அனுப்ப' என்பதற்கு முன்னால் வைப்பவர் 'தி மேனேஜர் டோல்ட் அஸ் ஆன் ஃப்ரைடே டு சென்ட் தி குட்ஸ்' என்று எழுதிவிடுகிறார். அதற்கு, மேலாளர் சொன்னதே வெள்ளிக்கிழமை என்று பொருள். அனுப்ப வேண்டிய நாள் காணாமல் போய்விடுகிறது.

ஓர் ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து இப்படி ஒரு கடிதம் புதன்கிழமை போய்ச் சேர்ந்தது. பெற்றவர், கடந்த வெள்ளியன்று ஏதோ பேசியிருக்கிறார்கள், அவசரமில்லை என்று எண்ணி, வேறு சரக்கும் சேரட்டும் என்று காத்திருந்தார், கப்பல் போய்விட்டது. இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை என்பதால் கணினியின் திருத்தியும் அதன் கீழே கோடிடாது. எழுதியவரோ தாம் சரியாகவே எழுதியதாகச் சாதிப்பார்!

அனுப்பும் நாளானால் 'ஆன் ஃப்ரைடே' கடைசியில் நிற்க வேண்டும். சொன்ன நாளானால் வாக்கியத்தின் தொடக்கத்தில் வைப்பதே தெளிவு. இரண்டு நாட்களையும் சொல்ல வேண்டியிருந்தால் வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடுங்கள்.

'ஆல்வேஸ்'

'ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்'. ஆனால் 'ஹி இஸ் ஆல்வேஸ் லேட்'.

'பிஃபோர் டூ டேஸ்'

கூடாது. 'டூ டேஸ் அகோ'.

எண்ணில் எழுதிய தேதி

03/04/2025 என்பது பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.