மீன் ஏலக் கணக்கை எடைப்படி அடுக்க ஒரு மேக்ரோ

மண்டபத்திலோ தொண்டியிலோ மீன் கமிஷன் கடையில் எக்செலில் கணக்கு ஏற்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேக்ரோ என்பது நாம் எக்செலில் செய்யும் வேலைகளைப் பதிந்து வைத்து, மறுபடி தானாகச் செய்ய வைக்கும் நிரல். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பதிவு செய்து, அதில் ஓர் எண்ணை மாற்றத் தெரிந்தால் போதும்.

முதலில் தாள். ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் படகு, சி-யில் மீன், டி-யில் எடை, ஈ-யில் தொகை. எடைக் கட்டத்தில் ‘120 கிலோ’ என்று அடிக்காதீர்கள். கிலோ ஒட்டிக்கொண்டதும் எக்செல் அதை எழுத்தாகவே பார்க்கும். பெரியதை முதலில் வைக்கச் சொன்னால் 95 கிலோ நெத்திலி மேலேயும் 120 கிலோ சீலா கீழேயும் நிற்கும். முதல் இலக்கத்தில் 9தானே பெரிது! வெறும் 120 என்று அடியுங்கள். டி நெடுவரிசை முழுவதையும் தேர்ந்து, கன்ட்ரோல்+1 அழுத்தி, ‘கஸ்டம்’ பிரிவில் 0.0 "கிலோ" என்று கொடுங்கள். பார்வைக்குக் கிலோ தெரியும், உள்ளே எண் மட்டும் இருக்கும்.

இந்த வேலையைப் பதிவுக்கு முன்பே கையால் முடித்துவிடுங்கள். பதிவான நிரலைக் காட்டும் மேக்ரோ எடிட்டருக்குத் தமிழ் எழுத்து ஒத்துவராது. ‘கிலோ’ அங்கே கேள்விக்குறிகளாகிவிடும். தாளுக்கு ‘ஏலம்’ என்று ஆசையாகப் பெயர் வைத்தாலும் இதே கதிதான். எக்செல் தந்த பெயரே இருக்கட்டும்.

இனிப் பதிவு. ‘வியூ’ தாவல், ‘மேக்ரோஸ்’, ‘ரெக்கார்ட் மேக்ரோ’. பெயரை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் கொடுங்கள். ஏ1 முதல் ஈ20 வரை தேர்ந்து, ‘டேட்டா’ தாவலில் ‘சார்ட்’ (Sort) போங்கள். ‘மை டேட்டா ஹேஸ் ஹெடர்ஸ்’ கட்டத்தில் டிக் வேண்டும். இல்லாவிட்டால் தலைப்பு வரியையும் எக்செல் ஒரு மீன் வரியாகவே எண்ணும். எடையைத் தேர்ந்து, பெரியது முதலில் வரும்படி வைத்து ஓகே கொடுங்கள். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி நிறம் கொடுத்துவிட்டுப் பதிவை நிறுத்துங்கள்.

கூட்டுத்தொகையை அடியில் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே அது ஆகாது. பெரிய எண் என்பதால் மொத்த எடை உச்சிக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஜி நெடுவரிசைக்கு அதை மாற்றுங்கள்.

இப்போது ஆல்ட்+எஃப்11. இடப்பக்கம் ‘மாட்யூல்1’ஐ இருமுறை சொடுக்கினால் நிரல் தெரியும். பதிவு 20 வரிக்குத்தான் ஆகியிருக்கும். 500 வரி வரை அடுக்க, அதில் டி20, ஈ20 என்று வரும் இடங்களில் மட்டும் 20ஐ 500 ஆக்குங்கள். வெற்று வரிகள் எப்போதும் கடைசிக்கே போய்விடும், பயமில்லை.

ஆல்ட்+எஃப்8 அழுத்தி இயக்கலாம். மேக்ரோ செய்ததைக் கன்ட்ரோல்+இசட் திருப்பித் தராது. முதல் தடவை நகலில் இயக்கிப் பாருங்கள். சேமிக்கும்போது ‘மேக்ரோ எனேபிள்ட் ஒர்க்புக்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான வகையில் சேமித்தால் கணக்கு இருக்கும், மேக்ரோ இருக்காது.