மைக் இல்லாமல் நாலு கச்சேரி: வன்னியில் ஒரு சிறு இசைப் பருவம் நடத்துவது எப்படி

ஊர்ச் சனசமூக நிலையமோ வாலிபர் சங்கமோ வருடத்துக்கு நாலு கர்நாடக இசைக் கச்சேரி வைக்கவேண்டும் என்று நினைத்தால் முதலில் மேடையையும் சவுண்ட்ஸையும் மறந்துவிடுங்கள். தேவைப்படுவது ஒரு அறை, பாய்கள், மூன்று கலைஞர்கள், ஐம்பது அறுபது பேர், அவ்வளவுதான். மேல்நாட்டில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ என்று நால்வர் ஓர் அறைக்குள் இருந்து, நடத்துநர் யாரும் இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பதைச் சேம்பர் மியூசிக் என்கிறார்கள். நம்முடைய வீணையும் அந்த மாதிரி அறைக்குள் கேட்க வேண்டிய வாத்தியம்தான். கோயில் திருவிழாவில் எட்டு ஒலிபெருக்கிக்கு நடுவில் வீணை கேட்டவர்கள் அதைக் கேட்டதாகவே நான் கணக்கெடுப்பதில்லை.

காலத்தை முதலில் முடிவுசெய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் இங்கே மழை. சென்னையில் மார்கழிதான் கச்சேரிக் காலம் என்பதற்காக நாங்களும் மார்கழியில் வைத்தால் வயல் வரம்பில் நிற்கிறவர்கள் எப்படி வருவார்கள்? தையிலும் மாசியிலும் காலபோக வெட்டு. ஆகவே பங்குனி, சித்திரை, ஆனி, ஆடி என்று நாலு மாதம் எடுங்கள். வைகாசியை விட்டுவிடுங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் அந்த மாதம்தான், அதோடு மே 18ஐச் சுற்றிய நாட்களில் எங்கள் வீடுகளில் விளக்கு எதற்காக எரிகிறது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

நாள் என்றால் பூரணைப் போயா. பொது விடுமுறை, ஆசிரியர்களும் அலுவலகக்காரரும் வீட்டில் இருப்பார்கள், ஒவ்வொரு மாதமும் திகதியைத் தனியாக ஞாபகம் வைக்கவும் தேவையில்லை. பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி ஐந்தே முக்காலுக்கு முடியுங்கள். வெளிச்சத்திலேயே முடிவதால் கரண்ட் போனாலும் ஜெனரேற்றர் தேடி ஓட வேண்டாம், பொழுது பட நிலவும் கிளம்பிவிடும். ஒட்டுசுட்டான் பக்கமோ நெடுங்கேணிப் பக்கமோ போகிறவர்களுக்கு அந்த நிலவு பெரிய உதவி, யானை வீதியில் நின்றால் தூரத்திலேயே தெரியும். ஒன்று மட்டும்: பூரணையில் கோயில்களிலும் விசேஷம் இருக்கும். பங்குனி உத்தரம், சித்திராப் பௌர்ணமி எல்லாம் அந்த நாட்களை ஒட்டியே வரும். ஐயரிடமும் தர்மகர்த்தா சபையிடமும் முன்கூட்டியே போய், பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஒலிபெருக்கியை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேளுங்கள். நேரில் போய்க் கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள்.

இனி அறை. பொதுநோக்கு மண்டபம் பெரிதாக இருந்தால் வேண்டாம், பாலர் பாடசாலை மண்டபம் போதும். ஏ9 வீதிக்குப் பக்கத்தில் இருக்கிற எதுவும் சரிவராது, தாளமில்லாமல் இராகத்தை விரிக்கிற ஆலாபனையை லொறி ஹோர்ன் வெட்டிக்கொண்டே இருக்கும். சீமெந்துத் தரையும் வெறும் சுவருமாக இருந்தால் சத்தம் திரும்பத் திரும்ப வந்து மோதும். பாய் விரித்து, ஒரு பக்கச் சுவரில் இரண்டு மூன்று சேலையோ படுக்கை விரிப்போ தொங்கவிட்டால் நல்ல வித்தியாசம் தெரியும், ஆட்கள் நிறைந்தால் இன்னும் அடங்கிவிடும். கலைஞர்களுக்குப் பின்னால் மட்டும் சுவரை மூட வேண்டாம், அது சத்தத்தை முன்னால் தள்ளிக் கொடுக்கும். தகரக் கூரை என்றால் மழைக்கு உதவாது. எங்கள் முதல் கச்சேரியில் சித்திரை மாதத்துப் பின்னேர மழை ஒன்று திடீரென்று அடித்து, வீணை வாசித்த அக்காவின் விரல் அசைவது மட்டும் தெரிந்தது, ஒரு சுரமும் கேட்கவில்லை. இருபது நிமிஷம் நிறுத்திவிட்டுப் பிளேன்டீ கொடுத்தோம். அதற்குப் பிறகு ஓட்டுக் கூரை இருக்கிற இடமாகத்தான் பார்க்கிறோம்.

அறை சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. தம்பூராவை மட்டும் மீட்டச் சொல்லிவிட்டு, கடைசிப் பாயில் ஒரு பிள்ளையை இருத்துங்கள். அந்தப் பிள்ளைக்குச் சுருதி கேட்டால் மற்ற எல்லாம் கேட்கும். கேட்கவில்லை என்றால் ஆட்களைக் குறையுங்கள், மைக்கைக் கூட்டாதீர்கள்.

மின்விசிறி பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிருதங்கத்தின் இடது பக்கத்தை, அதாவது தொப்பியை, பார்த்திருப்பீர்கள். கச்சேரிக்குச் சற்று முன் ரவையைத் தண்ணீரில் குழைத்து அதன் நடுவில் அப்புவார்கள், அந்த ஈரப் பாரத்தில்தான் அடித்தொண்டை மாதிரியான அந்தக் 'கும்' வருகிறது. நாங்கள் புழுக்கமாக இருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் நிற்கும் விசிறி ஒன்றை மிருதங்கம் வாசித்த தம்பிக்குப் பக்கத்தில் வைத்தோம். மூன்றாவது பாட்டிலேயே ரவை காய்ந்து வெடிக்கத் தொடங்கிவிட்டது, தம்பி வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் தண்ணீர், தண்ணீர் என்று சைகை காட்டினார். ஆகவே விசிறி ஆட்களின் பக்கம், அதுவும் கடகடக்காத விசிறி. மிருதங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு துணி. வீணைக்கு வேறு பிரச்சினை: அதன் 24 மெட்டுகளும், அதாவது தந்திக்குக் கீழே இருக்கிற சுரக் கட்டைகளும், மெழுகில்தான் பதிந்திருக்கின்றன, வெயிலில் நிற்கிற வானுக்குள் வைத்தால் மெழுகு இளகிச் சுரம் தவறிவிடும். வாத்தியம் வந்து இறங்கியதும் முதலில் நிழலுக்குக் கொண்டு போங்கள், கலைஞருக்குச் சோடா உடைப்பதெல்லாம் பிறகு. ஆனி, ஆடியில் காற்றும் புழுதியும் வரும் பக்கத்து யன்னல்களைச் சாத்திவிடுங்கள்.

யாரை அழைப்பது? மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவர்கள் நம் பாடசாலைகளிலேயே சங்கீத ஆசிரியர்களாக இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து தொடங்குங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர்தான், ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை ஒருவருக்கு முதல் பத்து நிமிஷத்தைக் கொடுங்கள், ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரே ஒரு பிள்ளை. எல்லாப் பெற்றோரையும் திருப்திப்படுத்தப் போனால் அது பரிசளிப்பு விழா ஆகிவிடும். நாலில் ஒன்றைத் தேவாலயத்தில் வயலின் பழகுகிற பிள்ளைகளுக்கு விடலாம், இரண்டு வயலினுக்கு என்றே எழுதப்பட்ட மேல்நாட்டு இசை நிறைய இருக்கிறது. வயலினே அங்கிருந்து வந்ததுதானே, முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி பழகிக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார்.

நிகழ்ச்சி நிரலைக் கலைஞரிடமே விடுங்கள், ஆனால் இரண்டு வேண்டுகோள் வையுங்கள். ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்துக்குள்: ஒரு வர்ணம், இரண்டு கீர்த்தனை, மிருதங்கம் தனித்து வாசிக்கிற தனியாவர்த்தனத்தோடு ஒரு பெரிய உருப்படி, ஒரு பதம், மங்களம். மற்றது, தமிழ்ப் பாட்டைக் கடைசித் துக்கடாவாகத் தள்ளாமல் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். இந்த மனக்குறையில்தான் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார் என்று பெரிய உருப்படிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆலாபனையில் கவனம் சிதறுகிறவர்கள்கூடச் சொல் புரிந்தால் நிமிர்ந்து இருக்கிறார்கள், இதை நான் ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறேன்.

தொடங்குமுன் ஐந்து நிமிஷம் ஆதி தாளம் போடக் காட்டிக்கொடுங்கள். ஒரு தட்டு, சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு, எட்டு. உழவு மெஷின் ஓட்டுகிற ஒரு ஐயா முதல்நாள் பின்சுவரில் சாய்ந்திருந்தார், தாளம் பிடிபட்டதும் பாயை இழுத்து இழுத்து முன்னுக்கு வந்து, தனியாவர்த்தனம் நடக்கும்போது மிருதங்கத்துக்கு நாலடி தள்ளி இருந்தார். அடுத்த பூரணைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

மங்கள விளக்கேற்றல் சரி. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒருவர் எழுந்து இரண்டு நிமிஷம் பேசட்டும், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இராகம், தாளம், இயற்றியவர் என்று இரண்டு வசனம் சொல்லட்டும். போன்களைச் சத்தமில்லாமல் வைக்கச் சொல்லி அப்போதே கேட்டுவிடலாம். கைக்குழந்தையோடு வருகிற தாய்மாரைக் கதவுப் பக்கம் இருத்துங்கள், அழுதால் எழும்பிப் போய் வர வசதி.

காசு பெரிய தலையிடி இல்லை, மைக்கும் பந்தலும் இல்லாததால் செலவு மூன்றுதான்: கலைஞர் சன்மானம், போக்குவரத்து, தேநீர். நாலு கச்சேரிக்கும் சேர்த்து ஒரே சந்தாவாக அறுவடை முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள், காசாகத் தர முடியாதவர்களிடம் நெல்லாக வாங்கி விற்றுக் கணக்கில் எழுதுங்கள். வாசலில் ரிக்கற் விற்க வேண்டாம், ஒரு உண்டியல் வைத்தால் போதும். சன்மானத்தைக் கடித உறையில் போட்டுக் கச்சேரிக்கு முன்னரே கையில் கொடுத்துவிடுங்கள், முடிந்த பிறகு சனத்துக்கு நடுவில் பொருளாளரைத் தேடுகிற நிலைமை அவர்களுக்கு வரக்கூடாது. சாப்பாடு யார் வீட்டில் என்பதையும் ஒரு கிழமைக்கு முன் முடிவுசெய்யுங்கள். பாடுகிறவர்கள் பலர் கச்சேரிக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடமாட்டார்கள், மோரும் வெந்நீரும் ஆயத்தமாக இருக்கட்டும், சாப்பாடு பிறகு.

ஆடிக் கச்சேரி முடிந்து பாய்களைச் சுருட்டும்போதே அடுத்த பங்குனிக்கு யார் வருவது என்று கலைஞரிடம் கேட்டு எழுதிவிடுங்கள். நல்லூர்த் திருவிழா தொடங்கிவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது.