தங்கம் அரிக்கும் இடத்தில் சின்னப் பறவைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், மேற்குக் கரையில் நெல்சன் க்ரீக், கோல்ட்ஸ்பரோ போன்ற ஓடைகளில் அனுமதிச் சீட்டு இல்லாமலே கைக்கருவிகளால் தங்கம் அரிக்கலாம். ஒவ்வொரு கோடையிலும் புதியவர்கள் வருகிறார்கள். மண்ணைக் கிளறியதும் ஏதாவது ஒரு சின்னப் பறவை பக்கத்தில் வந்துவிடும். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் பாதி நேரம் தப்பு.

மார்பு நிறத்தை மட்டும் பார்ப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். மஞ்சள் சாயல் கொண்ட மார்பு தெரிந்தால் போதும், "ராபின்!" என்று சொல்லிவிடுகிறார்கள். தெற்குத் தீவில் டாம்டிட் என்ற இன்னொரு சின்னப் பறவையின் ஆணுக்கும் மஞ்சள் மார்புதான், அதுவும் ராபினை விட அழுத்தமான மஞ்சள்.

நிறத்தை விடுங்கள், நிற்கும் விதத்தைப் பாருங்கள். ராபின் நீண்ட கால்களில் நிமிர்ந்து நிற்கும், தரையில் தத்தித் தத்தி உங்கள் பூட்ஸ் வரைக்கும் வரும். சருகில் ஒரு காலை நடுங்கவைத்துப் பூச்சிகளை வெளியே வரச் செய்யும். எடை சுமார் 35 கிராம். டாம்டிட் சுமார் 11 கிராம்தான். பெரிய தலை, குட்டை வால். அடிமரத்தில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு கீழே நோட்டம் விடும், சட்டென்று இறங்கி இரையைக் கவ்வி, மறுபடி மேலே போய்விடும். ஆணுக்குக் கறுப்புத் தலை, இறக்கையில் பளிச்சென்ற வெள்ளைப் பட்டை. பெண் பழுப்பு நிறம், அதனால் அதையும் பலர் ராபின் என்றே எழுதிவிடுகிறார்கள்.

போன கோடையில் ஓர் இளைஞர் டாம்டிட்டை ராபின் என்று, பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் ஈபேர்டு இணையதளத்தில் ஏற்றிவிட்டார். படத்தைப் பெரிதாக்கி வெள்ளைப் பட்டையைக் காட்டியதும் மாற்றினார். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். எலியும், கீரி போன்ற வேட்டை விலங்கான ஸ்டோட்டும் பல பள்ளத்தாக்குகளில் ராபினை அழித்துவிட்டன. எங்கே மிச்சம் இருக்கிறது என்பதைப் பதிவுகளைப் பார்த்துத்தான் பலரும் தெரிந்துகொள்கிறார்கள். இல்லாத பறவை இருப்பதாகப் பதிவானால் அங்கே ஆபத்து இல்லை என்று நினைத்துவிடுவார்கள்.

கறுப்பு ஃபேன்டெய்லை வேறு இனம் என்பது

ஃபேன்டெய்ல், விசிறி போல வாலை விரிக்கும் சின்னப் பறவை. தெற்குத் தீவில் அதில் கறுப்பு வகையும் உண்டு. அதே பறவைதான்.

போனில் பறவையின் குரலைப் போட்டு அதை வரவழைப்பது

கூடு கட்டும் வசந்தத்தில் கூடவே கூடாது.

காதை மட்டும் நம்புவது

ரைபிள்மன் நாட்டிலேயே மிகச் சிறிய பறவை, ஆறேழு கிராம். அதன் குரல் அவ்வளவு கீச்சென்று இருப்பதால் வயதானவர்கள் பலருக்குக் கேட்பதே இல்லை. "இங்கே ரைபிள்மன் கிடையாது" என்று முடிவு கட்டும் முன், அரிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பாசி படர்ந்த பீச் (beech) காட்டு மரங்களின் அடிமரத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். வாலே இல்லாதது போன்ற ஒன்று, லேசாக மேல்நோக்கிய அலகோடு, பட்டையில் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டிருக்கும்.