காணொளியைப் போட்டுவிட்டால் பாடம் ஆகிவிடாது

இணையத்தில் கிடைத்த நாலைந்து காணொளிகளின் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "பார்த்துட்டு வாங்க" என்று சொல்வதுதான் பல்லூடகப் பாடம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளும் பார்ப்பார்கள், அடுத்த வாரம் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. துணைப்பாட வகுப்பு எடுப்பவரோ, சமூக மன்றத்தில் தொண்டூழியமாகத் தமிழ் சொல்லித் தருபவரோ, வீட்டில் பிள்ளைக்குத் தாமே பாடம் தயாரிக்கும் பெற்றோரோ, யாராக இருந்தாலும் முதலில் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது அந்தப் பிள்ளை இதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழே அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடுதான். வாரம் ஒரு வகுப்பில் இதைச் சரிக்கட்ட முடியாது, மற்ற ஆறு நாளில் அவர்களாகவே தமிழைத் தொட்டால்தான் உண்டு.

ஆகவே தலைப்பிலிருந்து தொடங்காதீர்கள். 'காய்கறிகள்' என்பது தலைப்பு. 'தேக்கா சந்தையில் விலை கேட்டுக் காய் வாங்கி, மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வரவேண்டும்' என்பது குறிக்கோள். இதை எழுதி வைத்துவிட்டால் எந்த ஊடகம் வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்: இதற்குப் படம் அவ்வளவு வேண்டாம், ஒலிதான் வேண்டும்.

அந்த ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, கைப்பேசியில் முக்கால் நிமிடம் பதிவு செய்யுங்கள். "அண்ணே, முருங்கக்கா எவ்ளோ?" "மூணு ரெண்டு வெள்ளிம்மா." "வெண்டக்கா முத்தலா இருக்கே?" "காலைல வந்ததுதாம்மா, ஒடச்சுப் பாருங்க." பின்னால் வண்டிச் சத்தம், யாரோ மலாயில் கூப்பிடுவது எல்லாம் இருக்கட்டும், துடைத்துவிடாதீர்கள், நிஜத்தில் அப்படித்தான் கேட்கும். முதல் முறை எழுத்தே இல்லாமல் கேட்கச் சொல்லுங்கள், கேள்வி ஒன்றே ஒன்று: வாங்குபவருக்கு எந்தக் காயில் சந்தேகம்? இரண்டாம் முறை விலையை மட்டும் குறிக்கட்டும். மூன்றாம் முறைதான் உரையாடலின் எழுத்து வடிவம், அதுவும் அங்கங்கே சொல் விடுபட்டதாக. கடைசியில் அதே மாதிரி ஓர் உரையாடலைப் பாட்டியுடனோ ரொட்டி பரோட்டா கடையிலோ தானே பேசி, குரல் பதிவாக அனுப்ப வேண்டும். முக்கால் நிமிட ஒலியில் அரை மணி நேர வேலை இருக்கிறது.

எழுத்து வடிவத்தைத் தரும்போது 'எவ்ளோ'வை 'எவ்வளவு' என்று திருத்திவிடும் பழக்கம் நம் ஆசிரியர்களுக்கு நிறைய உண்டு. வேண்டாம். காதில் விழுந்ததும் கண்ணில் படுவதும் வேறாக இருந்தால் பிள்ளை தன் காதைத்தான் சந்தேகப்படும். பேச்சுத் தமிழைப் பேசுகிற மாதிரியே எழுதிக் கொடுங்கள், எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுவதைத் தனிப் பயிற்சியாக வையுங்கள்.

காணொளி வேண்டும் என்றால், முகபாவமும் இடமும் பொருளோடு சேர்ந்தவையாக இருக்கும்போது மட்டும் போடுங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழிப் பகுதியில் காணொளியைப் பார்த்து உரையாடும் பகுதி இருப்பதால் பெற்றோர் அதையே கேட்பார்கள், நியாயம்தான். அதற்கு ஒரு வழி: ஒரு நிமிடக் காணொளியை முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுக் காட்டுங்கள், என்ன நடக்கிறது என்று பிள்ளையே பேசட்டும், அப்புறம் சத்தத்தோடு பார்க்கட்டும். எழுத்து ஓட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. பேசுவதையே எழுத்தாகவும் திரையில் ஓட்டினால் கவனம் சிதறும் என்று பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர் சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். மொழி தெரிந்தவருக்கு அது சரி. மொழியையே கற்பவருக்குத் தமிழ் எழுத்து ஓடினால் சொற்கள் எங்கே முடிகின்றன என்று பிடிபடும். ஆங்கில எழுத்தை மட்டும் ஓட்டாதீர்கள், கண் அங்கே போய்விடும், காது தூங்கிவிடும்.

சுயமாகக் கற்க வைப்பது என்றால் தனியாக விட்டுவிடுவது என்று அர்த்தமில்லை. விடைகளை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு திருத்தினால் அவர்கள் காலமெல்லாம் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். விடைத்தாளைக் கூடவே கொடுங்கள், ஏன் அது விடை என்று ஒரு வரி எழுதி. தேர்வு செய்யவும் ஏதாவது இருக்கட்டும்: சந்தையா, பேருந்து நிறுத்தமா, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரரா, மூன்றில் ஒன்று. கேள்விகளைக் காணொளிக்கு நடுவிலேயே நிறுத்திக் கேட்க எச்5பி என்ற இலவசக் கருவி இருக்கிறது. பள்ளி ஆசிரியர் என்றால் கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளமே போதும், 2018 முதல் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது.

எனக்குப் பிடித்த தந்திரம் குரல்வழித் தட்டச்சு. கைப்பேசியில் கூகல் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி, ஒலிவாங்கியைத் தட்டி, "பள்ளிச் சுவரில் பல்லி" என்று சொல்லச் சொல்லுங்கள். திரையில் என்ன வருகிறது என்று பார்த்துப் பிள்ளையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கும், நீங்கள் 'ள' சொல், 'ள' சொல் என்று கத்த வேண்டியதில்லை. ஒன்று நினைவிருக்கட்டும், இந்தக் கருவி முன்பின் சொற்களை வைத்து ஊகிக்கும், தப்பாகச் சொன்னாலும் சரியாகவே எழுதிவிடுவதுண்டு. அதனால் ஒற்றைச் சொற்களையும் தந்து பாருங்கள், மதிப்பெண் போட இதை நம்பாதீர்கள்.

சொற்களை மறக்காமலிருக்க ஆன்க்கி அட்டைகள் நல்லவை; மறக்கப் போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும் செயலி அது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. அட்டையின் முன்பக்கம் ஆங்கிலச் சொல்லை எழுதாமல் உங்கள் பதிவிலிருந்து வெட்டிய ஒரு வாக்கியத்தின் ஒலியை வையுங்கள். நாளுக்கு ஐந்து புதிய அட்டைகள் போதும், இருபது என்றால் இரண்டே வாரத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

வரும் குரல் பதிவுகளுக்கு எழுத்தில் பதில் போடாதீர்கள், நீங்களும் குரலிலேயே சொல்லுங்கள். ஒரு பதிவுக்கு ஒரு திருத்தம். ஒன்பது தப்பு இருந்தாலும் ஒன்றுதான், மற்ற எட்டை அடுத்தடுத்த வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கோ உயர்நிலை மாணவர்களுக்கோ என்றால் ஒலி 96.8 வானொலிச் செய்தியைக் கேட்டு, அதே செய்தியைத் தமிழ் முரசு நாளிதழில் தேடி ஒப்பிடச் சொல்லலாம். பழைய முரசு இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இருக்கின்றன, தாத்தா காலத்துத் திரைப்பட விளம்பரங்களைப் பார்த்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். பிறருடைய காணொளியைப் பதிவிறக்கி உங்கள் பெயரில் ஏற்றாமல் இணைப்பை மட்டும் கொடுங்கள். உங்கள் சொந்தப் பதிவுகளை எம்பி3 கோப்பாக, ஒற்றை ஒலித்தடத்தில் (மோனோ), ஒலித் தரத்தை 64 கேபிபிஎஸ் என்று வைத்துச் சேமித்தால் நிமிடத்துக்கு அரை எம்பிகூட வராது, வாட்ஸ்அப்பில் சட்டென்று போய்விடும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியைப் போடாமல் 'தேக்கா-காய்-1' மாதிரி வையுங்கள், அடுத்த ஆண்டு வேறு பிள்ளைகளுக்குத் தேடும்போது கிடைக்கும்.