புளியரை ஏற்றத்தில் இன்ஜின் நின்றால்

எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் என்பதால் பாதிச் சொந்தம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருப்பதும் புனலூரில்தான். முட்டுவலியோடு அம்மாவால் பஸ் ஏறி இறங்க முடியவில்லை என்று பழைய வண்டி விற்பவர் ஒருவரிடம் 2012 மாடல் பெட்ரோல் கார் வாங்கினேன். வாங்கிய மூன்றாவது வாரம், புனலூர் போகும் மலைப்பாதையில் புளியரை எஸ் வளைவைத் தாண்டி, கோட்டைவாசலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. முந்நூறு ரூபாய் ஹோஸோடு (இன்ஜினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய்) முடிந்திருக்க வேண்டிய வேலை முப்பதாயிரத்தில் போய் நின்றது. என்ன செய்திருக்க வேண்டும் என்பதை அதே பாதையில் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் அடையாளத்தை அம்மாதான் சொன்னாள். "ஏல, வெல்லப்பாகு காயுற மாதிரி வாட வருதுல்லா?" இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் திரவம் சூடான இடத்தில் ஒழுகினால் அப்படித்தான் இனிப்பாக மணக்கும். எனக்கு அது தெரியாது, பக்கத்தில் யாரோ சமைக்கிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறியது. பயந்து ஏ.சி.யை அணைத்தேன். அப்புறம் முள் தானாகக் கீழே இறங்கியது. சரி, ஆறிவிட்டது என்று மிதித்துப் போனேன். அங்கேதான் ஏமாந்தேன். தண்ணீர் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சார் காற்றில் தொங்கும். இன்ஜின் கொதித்தாலும் முள் இறங்கிக் காட்டும். ஏறிய முள் காரணமில்லாமல் இறங்கினால் அது கெட்ட செய்தி.

முள் ஏறும்போதே ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஓரம்கட்ட இடமே இல்லை என்றால் ஹீட்டரை முழுவதும் திறந்து வைத்து இடம் வரும்வரை மெதுவாகப் போகலாம், இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அதன் வழியே வெளியே போகும். ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் அந்தச் சலுகையும் கிடையாது, உடனே அணைக்க வேண்டும். "கருப்பசாமி கோவில் வரை ஏத்திட்டா அங்க இடம் இருக்கும்" என்று நான் ஓட்டிய அந்தக் கொஞ்ச தூரம்தான் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டை வளைத்தது.

ஏற்றத்தில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீரிங் கல் மாதிரி கனக்கும், பிரேக்கும் கடினமாகும். பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வேக்குவம் இருக்கும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். வண்டி உருளும்போது சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், பிறகு டயருக்குக் கட்டை. முன் சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி வையுங்கள். பின்னால் உருண்டாலும் மலையில் முட்டி நிற்கும், பள்ளத்துக்குப் போகாது. எல்லோரையும் இறக்கி, வண்டிக்குப் பின்னால் நிற்கவிடாமல், சாலையை விட்டுத் தள்ளி, பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள்.

முக்கோணத்தை வண்டிக்கு அருகில் வைத்துப் பயனில்லை. வளைவு என்றால் வளைவுக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். லாரிக்காரர்கள் கிளை ஒடித்துப் போடுவார்கள், கல் வைப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கிளம்பும்போது கல்லை எடுத்துவிட்டுப் போங்கள், இருட்டில் டூ வீலர்காரர் விழுவார். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆபத்து என்றால் 112.

நான் மறுபடி சாவியைத் திருகப் போனபோது ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து பானட்டைத் தொடாமல் கையை மேலே காட்டிப் பார்த்தார். "சேட்டா, இனி ஸ்டார்ட்டு செய்யண்டா. தணுக்கட்டே" என்றார். இனி ஸ்டார்ட் செய்ய வேண்டாம், ஆறட்டும் என்கிறார். அந்த மனிதர் சொல்லவில்லை என்றால் பிஸ்டனும் போயிருக்கும். சூடான இன்ஜினைத் திரும்பத் திரும்பத் திருகாதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முயலாதீர்கள்.

ஒரே ஒரு தடவை, ஆறிய பிறகு, காதைக் கொடுத்துக் கேட்கலாம். டிக் டிக் என்றால் பேட்டரி. "டக்" என்று ஒரு அடி, அப்புறம் அசைவே இல்லை என்றால் இன்ஜின் உள்ளே இறுகிப்போயிருக்கலாம். வழக்கத்தைவிட லேசாக, விர்ரென்று சுற்றுகிறது, பற்றவில்லை என்றால் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது இன்னொரு திருகல் வால்வைப் பிஸ்டனில் மோதவிடலாம்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்துக்குப் பீய்ச்சும். முக்கால் மணி நேரமாவது ஆகட்டும், மேல் ஹோஸைத் துணியோடு பிடித்தால் கை தாங்க வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். முழுதும் வறண்டு ஓடிய வண்டி என்றால் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற யோசனையையே விடுங்கள்.

கயிறு கட்டி இழுப்பது மலைப்பாதைக்கு ஆகாது. இன்ஜின் ஓடாத வண்டிக்கு இறக்கத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டியைக் கேளுங்கள், வாடகையை முதலிலேயே பேசுங்கள். இன்ஷூரன்ஸில் சாலை உதவி சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள். புனலூர் பக்கம் போவதா, கீழே இறங்குவதா என்ற குழப்பம் வரும். நான் செங்கோட்டைக்கே இறக்கினேன். பிரித்துப் போட்ட வண்டியைத் தினம் போய்ப் பார்க்கிற தூரத்தில் ஒர்க்‌ஷாப் இருக்க வேண்டும்.

மெக்கானிக் அண்ணாச்சி முதலில் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். பால் கலந்த காப்பி நிறம். ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் போய்த் தண்ணீர் ஆயிலில் இறங்கியிருக்கிறது. பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்டை லேத்துக்கு அனுப்பினால் நீங்களும் கூடப் போங்கள். எஃகுப் பட்டையைக் குறுக்கே வைத்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்ததை என் கண்ணால் பார்த்தேன், ஹெட் வளைந்திருந்தது. ஹெட்டோடு பிளாக்கையும் அப்படிப் பார்க்க வேண்டும். ஹெட் போல்ட்டுக்குப் புதுசு கேளுங்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள்.

செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் வேறு இன்ஜின் என்ற பேச்சு வரும். பழைய இன்ஜின் வாங்கினால் பில் வேண்டும், மாற்றிய நம்பர் ஆர்.சி.யில் ஏற வேண்டும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி இந்த மாதிரிப் பழுதுக்குப் பணம் தராது. வண்டி கைமாறியதும் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளில் எழுதிக் கொடுங்கள், நாளைக்கு விபத்து என்றால் அதுதான் காப்பாற்றும்.

என் வண்டியில் கீழ் ஹோஸைக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கி, உள்ளே கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்டிருந்தார்கள். துருநிறத்தில் வழிந்தது. அதைப் படம் எடுத்து, அண்ணாச்சியிடம் எழுத்தில் குறிப்பு வாங்கி, விற்றவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பாதிப் பணம் தந்தார். தராவிட்டால் 1915-க்குப் பேசலாம், இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும். எல்லைக்கு அந்தப் பக்கம் வண்டி வாங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் இதை வியாபாரமாகச் செய்பவரிடம் வாங்கியிருக்க வேண்டும், தெரிந்தவர் தன் சொந்த வண்டியை விற்றிருந்தால் இந்த வழி கிடையாது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஹோஸை அழுத்தினால் மொறுமொறுவென்று இருக்கிறதா, கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறட்டும் என்று சொல்லிவிட்டு, முழுதும் ஆறிய பிறகு வந்து பாருங்கள்.