பாம்பு கடித்தால் முதல் ஒரு மணி நேரம்: உடனிருப்பவர் செய்ய வேண்டியவை

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வந்து சேராமலே இறந்த கிராமத்து மக்கள். ஆகவே உடனிருப்பவரின் பொறுப்பு மருத்துவரின் பொறுப்புக்குச் சற்றும் குறைந்ததன்று.

முதலில் கடிபட்டவரைப் பாம்பு இருக்கும் இடத்திலிருந்து விலக்கி, நடக்க விடாமல் படுக்க வையுங்கள். தசைகள் அசைய அசைய விஷம் விரைந்து பரவும். வீக்கம் ஏறுவதற்கு முன்பே மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல், கடிபட்ட கை அல்லது காலுக்கு நேரான ஒரு குச்சியை அணைகொடுத்துத் துண்டால் தளர்வாகக் கட்டிவிட்டு, 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால், கிடைக்கும் வண்டியில் உடனே கிளம்புங்கள்.

கடிவாயைக் கீறுவதும், வாய்வைத்து உறிஞ்சுவதும், பச்சிலை வைத்துக் காத்திருப்பதும் கூடாது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷம் இரத்தத்தை உறையவிடாது என்பதால், சிறு கீறலே நிற்காத இரத்தப்போக்காகிவிடும். கயிற்றால் இறுக்கிக் கட்டினால் அந்த உறுப்பே அழுகிப்போகலாம். யாரேனும் முன்பே அப்படிக் கட்டியிருந்தால், வழியில் அவசரப்பட்டு அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பரவக்கூடும் என்பதால், அதை மருத்துவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும்.

பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரிது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது கட்டுவிரியன் கடிக்குத்தான். இரவில் தரையில் படுத்திருப்பவரை அது கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுபவரை அஜீரணம் என நினைத்துக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைப்பவர்கள் உண்டு. கண் இமைகள் தொங்கினால், எச்சிலை விழுங்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். அடுத்து மூச்சுவிட உதவும் தசைகள் செயலிழக்கும், அப்போது செயற்கைச் சுவாசம் உள்ள மருத்துவமனைதான் உயிரைக் காக்கும்.

மருத்துவரிடம் கடித்த நேரத்தையும் அதன்பின் தோன்றிய அறிகுறிகளையும் வரிசையாகச் சொல்லுங்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, அது உறைகிறதா என்று பார்ப்பார்கள். விஷம் ஏறிய அறிகுறி இருந்தால்தான் மருந்து ஏற்றுவார்கள். இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள், அதற்குள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பாம்பு செலுத்தும் விஷம் ஆளுக்கேற்பக் குறைவதில்லை என்பதால், மருந்தின் அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றே.

கண்ணாடி விரியன் கடி சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. வீடு திரும்பிய பின் சிறுநீர் குறைந்தாலோ, ஓரிரு வாரங்களுக்குள் காய்ச்சல், மூட்டுவலி, அரிப்பு தோன்றினாலோ, சிகிச்சைச் சீட்டுடன் மறுபடி மருத்துவரைப் பாருங்கள்.